மாவுக்கட்டோடு முடியும் ஆட்டங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை பக்கம் எந்தக் காலனிக்குள் போனாலும் ஒரு கபடி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். மேட்டும் கிடையாது, முழங்கால் உறையும் கிடையாது. சுண்ணாம்புக் கோடும் கட்டாந்தரையும்தான் ஆடுகளம். விழுந்தவன் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்துவிட்டால் ஆட்டம் தொடரும். எழ முடியாவிட்டால் அவனுக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இந்த வாரம் அதைப் பேசுவோம்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணி தங்கம் வென்றது. அந்த அணியில் ஆடிய கண்ணகி நகர் கார்த்திகாவை ஊரே தோளில் தூக்கிக் கொண்டாடியது. சென்னையின் பல இடங்களிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களின் குடியிருப்பு கண்ணகி நகர். அங்கிருந்து ஒரு பெண் தங்கத்தோடு வந்தபோது நம் பிள்ளைகளும் நிமிர்ந்து பார்த்தார்கள். அதே மாதம் மணத்தி கணேசனின் வாழ்க்கையைத் தழுவி வந்த 'பைசன்' படமும் கபடிக்குள் இருக்கும் சாதியைப் பேச வைத்தது. ஜெயித்தவர்களின் கதை இப்போது நமக்குத் தெரிகிறது. ஆனால் பதினாறு, பதினேழு வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டத்தைவிட்டுப் போனவர்களின் கதையை யாரும் படம் எடுப்பதில்லை.

நமக்குத் தெரிந்த ஒரு தம்பி இருக்கிறான். பள்ளிக் காலத்தில் மாவட்ட அளவில் ஆடியவன். ஒரு ஆட்டத்தில் காலை ஊன்றித் திரும்பும்போது 'பட்' என்று சத்தம் கேட்டிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. வீட்டில் எண்ணெய் போட்டு நீவினார்கள். மறுநாள் புத்தூர் கட்டு போடப்பட்டது. ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தபோது வீக்கம் இல்லை, வலியும் இல்லை. அதனால் மறுபடி களத்தில் இறங்கினான். இரண்டாவது வாரமே கால் மடங்கி விழுந்தான். இன்று சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. ஷிப்ட் முடிந்து பஸ் படி ஏறும்போது அந்த முழங்கால் இன்றும் அவனைக் கேள்வி கேட்கிறது.

திருத்தணியைத் தாண்டினால் புத்தூர். தலைமுறை தலைமுறையாக நம் மாவட்டத்து மக்கள் எலும்பு முறிவுக்கு அங்கே போகிறார்கள். குறைந்த செலவு, நம்பிக்கை, அலைச்சல் இல்லை என்பவைதான் காரணம். போகிறவர்களைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் எலும்பு வேறு, ஜவ்வு வேறு. முழங்காலுக்குள் அறுந்துபோன ஜவ்வு கட்டுப் போட்டால் ஒட்டாது. இதை அந்தத் தம்பிக்கு அன்றைக்கே மைதானத்தில் சொல்ல ஓர் ஆள் இல்லை. நமது குற்றச்சாட்டு இதுதான்.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு தொழில் இருக்கிறது. ஆட்டக்காரரின் உடம்பைக் கவனிப்பதே அவரது வேலை. பயிற்சியாளர் ஆடச் சொல்லித்தருவார். இவரோ அடிபடாமல் ஆட உடம்பைத் தயார் செய்வார். அடிபட்டால் முதல் ஆளாக ஓடிவருவார். மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவெடுப்பார். சிகிச்சைக்குப் பிறகு எப்போது களத்தில் இறங்கலாம் என்று சொல்வதும் இவரே. இவர்களுக்கான தேசியச் சங்கம் 1950-இல் தொடங்கப்பட்டது. பள்ளியிலும் வேலை பார்ப்பார்கள், கிளினிக்கிலும் வேலை பார்ப்பார்கள். அங்கேயும் எல்லாப் பள்ளிக்கும் இவர்கள் கிடைப்பதில்லை. வசதி குறைந்த பள்ளிகள்தான் முதலில் விடுபடுகின்றன. ஏழை வீட்டுப் பிள்ளையின் கால் எங்கேயும் மலிவுதான்.

நம் ஊரில் இந்த வேலையை யார் பார்க்கிறார்? பி.டி. வாத்தியார்தான். பல பள்ளிகளில் அவரும் இல்லை. 2012-இல் உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்விக்கு 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் மாதம் 5,000 ரூபாய் சம்பளத்தில் நியமிக்கப்பட்டார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். வாரத்தில் சில அரைநாள் மட்டும் வரும் ஆசிரியரிடம் ஒரு பள்ளியின் அத்தனை முழங்கால்களையும் ஒப்படைத்திருக்கிறோம்.

வியாசர்பாடி பிரியாவை மறக்க முடியுமா? ராணி மேரிக் கல்லூரி மாணவி. பதினேழு வயதுக் கால்பந்து வீராங்கனை. முழங்கால் ஜவ்வு பாதிப்புக்காக 2022 நவம்பர் 7-ஆம் தேதி பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன்பின் போடப்பட்ட அழுத்தக் கட்டு ரத்த ஓட்டத்தைத் தடுத்தது. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் கால் அகற்றப்பட்டது. நவம்பர் 15 அன்று உயிரே போனது. கட்டு இறுக்கமாக இருந்ததை அன்றைய சுகாதார அமைச்சரே ஒப்புக்கொண்டார். இரண்டு மருத்துவர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

இதைச் சொல்வது அரசு மருத்துவமனைக்குப் போகாதீர்கள் என்பதற்காக அல்ல. நமக்கு வேறு மருத்துவமனை கிடையாது. அதைச் சரியாக நடத்தச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. கத்தி பிடிப்பவரின் வேலை பாதிதான். கட்டுப் போட்ட காலைத் தொட்டுப் பார்த்து, விரல் குளிர்ந்திருக்கிறதா, மரத்திருக்கிறதா என்று கவனிக்கிற கண்ணும் கையும்தான் மீதிப் பாதி.

தொட்டுப் பார்ப்பது என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. தீண்டாமை என்பதே தொடாமைதான். இந்தத் தொழிலோ தொட்டால்தான் நடக்கும். தமிழ்நாட்டில் காயத்துக்குக் கட்டுப் போட்டவர்களையும் பிரசவம் பார்த்தவர்களையும் மருத்துவர் என்றே அழைத்தோம், ஆனாலும் கீழே வைத்தோம். நூறு ஆண்டுகளுக்கு முன் பல்வங்கர் பாலு என்ற தலித் பந்து வீச்சாளர் புனேயில் சாதி இந்துக்களின் அணியை ஜெயிக்க வைத்தார். தேநீர் இடைவேளையில் அவருக்குத் தனி மண்குவளை, அதுவும் வெளியே. அவர் வீசிய பந்தைத் தொட்டவர்கள் அவர் குடித்த குவளையைத் தொடவில்லை. இன்று தனிக் குவளை மறைந்த இடங்களிலும், அடிபட்ட பிள்ளையின் காலை மடியில் வைத்துப் பார்க்கும் முதல் கை எந்தத் தெருப் பிள்ளைக்குக் கிடைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அந்தக் கை நம் பிள்ளைகளின் கையாகவும் இருக்கலாம். பிசியோதெரபி என்கிற இயன்முறை மருத்துவம் அதற்கான படிப்பு. பிளஸ் டூவில் அறிவியல் பாடம் எடுத்து, மதிப்பெண்ணை வைத்து, இட ஒதுக்கீட்டில் நம் பிள்ளைகள் நுழைய முடிந்த கதவு இது. சென்னை கே.கே. நகரிலும் திருச்சியிலும் அரசுக் கல்லூரியிலேயே படிக்கலாம். இப்போது இந்தக் கதவிலும் நீட் பூட்டைத் தொங்கவிடும் வேலை தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டத்தின் வழியாக நடக்கிறது. 2017 செப்டம்பரில் அரியலூர் அனிதாவை இழந்தோம். அவர் பிளஸ் டூவில் எடுத்தது 1,200-க்கு 1,176. மதிப்பெண் போதாமல் அல்ல, பூட்டு மாற்றப்பட்டதால்தான் அவர் வெளியே நின்றார். எம்.பி.பி.எஸ். போனது, பிசியோதெரபியாவது இருக்கிறது என்று நினைக்கும் மாணவர்கள் இப்போதே விழித்துக்கொள்ள வேண்டும்.

மைதானமும் இதோடு சேர்ந்ததுதான். தேர்வாய் கண்டிகையில் மேய்ச்சல் நிலம் சிப்காட்டுக்குப் போனபோது தலித் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். தொழிற்சாலை வந்தது, பொது நிலம் போனது. பொது நிலம் சுருங்கிய ஊரில் பிள்ளைகள் கல்லும் கண்ணாடித் துண்டும் கிடக்கும் இடத்தில்தான் ஆடுவார்கள். அடிபடுவது விதியல்ல. அதற்கு நிலக் கணக்கு உண்டு.

கேட்க வேண்டியவற்றைக் கேட்போம். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர்கள் வீடு தேடி வருகிறார்கள். அவர்கள் மாதம் ஒரு நாளாவது அரசுப் பள்ளிக்கும் ஆதிதிராவிடர் நலப் பள்ளிக்கும் விடுதிக்கும் வரட்டும். திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் விளையாட்டுக் காயங்களுக்கென்று தனியாகப் புறநோயாளிகள் பிரிவு நடக்கட்டும். சிப்காட் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி பெயர்ப்பலகைக்குப் போவதைவிட ஒரு இயன்முறை சிகிச்சையாளரின் சம்பளத்துக்குப் போகலாம். கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எழுதிக் கொடுத்தால் பதிவாகும்.

அதுவரை மாணவர்கள் இவற்றை மனதில் வையுங்கள். சுளுக்கோ வீக்கமோ வந்தால் முதல் இரண்டு நாள் எண்ணெய் நீவலும் சூடான ஒத்தடமும் வேண்டாம். துணியில் சுற்றிய ஐஸை ஒரு தடவைக்கு 15 நிமிடம் வையுங்கள், காலை உயர்த்தி வையுங்கள். 'பட்' என்ற சத்தமும் உடனடி வீக்கமும் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எந்தக் கட்டாக இருந்தாலும் விரல் மரத்தாலோ, குளிர்ந்தாலோ, நீலமானாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். வெயிலில் ஓடி உடல் கொதித்து உளறினால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை நிழலில் வைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றுங்கள். ஜவ்வு அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் வலி இல்லை என்பதற்காகக் களத்தில் இறங்காதீர்கள். சுமார் ஒன்பது மாதம் உடற்பயிற்சியோடு பொறுத்திருங்கள்.

அந்தத் தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து சின்னப் பையன்களுக்குப் பிடி சொல்லித் தருகிறான். போன வாரம் ஒரு பையன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். யாரோ எண்ணெய்ப் பாட்டிலோடு ஓடிவந்தார்கள். தம்பி தடுத்தான். "அண்ணே, ஐஸ் எடுத்துட்டு வாங்க" என்றான்.