விரிய இடம் வேண்டும்



ஆண்டுத் தேர்வு முடிந்ததும் "இனி ஓய்வுதான்" என்று எல்லோரும் சொல்லக் கேட்கிறோம். செஞ்சி வட்டாரத்தில் அந்த ஓய்வு எப்படிப்பட்டது என்பது இங்கே வாழும் பிள்ளைகளுக்குத் தெரியும். சித்திரையிலும் வைகாசியிலும் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. பகலில் பாரதம் படிப்பார்கள். இரவில் விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். கல்யாணங்களும் இந்த மாதங்களில்தான் நெருக்கியடிக்கும். சென்னை, பெங்களூர், புதுச்சேரி என்று பிழைக்கப் போன உறவினரெல்லாம் வந்து இறங்குவார்கள். மே முதல் வாரத்தில் அக்கினி நட்சத்திரம் தொடங்கும். பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் அண்மை ஆண்டுகளில் இதே மே மாதத்தில்தான் வெளிவருகின்றன. ஆக, வெயில், விருந்து, தேர்வு முடிவு ஆகிய மூன்றும் ஒரே மாதத்தில் வந்து குவிகின்றன.

கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், உள்ளே நுழையும் மாணவனிடம் கேட்கும் கேள்விகள் மூன்றே. "எத்தனை மார்க்கு வந்துது?" "அடுத்து என்ன சேரப் போறே?" "உங்க பெரியப்பா பையன் என்ன சேர்ந்திருக்கான் தெரியுமில்ல?" மாணவியாக இருந்தால் நான்காவதாக ஒன்றும் உண்டு. "இன்னும் எத்தனை வருஷம் படிக்க வைக்கப் போறீங்க?" என்று அவள் தாயைப் பார்த்து, அவள் காதிலும் விழும்படியாகக் கேட்பார்கள். கேட்பவர்கள் பகைவர் அல்லர். பெரும்பாலோர் அன்பினால் கேட்கிறார்கள். பேச வேறு பொருள் அகப்படாமல் கேட்பவர்களும் உண்டு. ஆனால் பத்துப் பேர் கேட்டு முடிப்பதற்குள் பிள்ளை மொட்டை மாடிக்குப் போய்விடுகிறான். என்னடா என்று விசாரித்தால் ஒரே சொல்லில் விடை வருகிறது: "டென்ஷன்."

இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் இந்தச் சொல்லைப் பற்றி எனக்கு ஓர் எண்ணம் உண்டு. மேடையிலும் ஏட்டிலும் இதை 'மன அழுத்தம்' என்கிறோம். அழுத்தம் என்றால், நம் பாடநூலின்படி, ஓரலகுப் பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசை. தெருவில் வழங்கும் 'டென்ஷன்' என்பதோ இழுவிசை. கிணற்றில் வாளியைத் தூக்கும்போது கயிற்றில் தோன்றுவது. இரண்டும் ஒன்றல்ல. படித்தவர் சொல்லைக் காட்டிலும் தெருவில் வழங்கும் சொல்லே உண்மைக்கு நெருக்கமாக இருக்கிறது. காரணத்தை நம் கோட்டையிலேயே காணலாம்.

செஞ்சிக் கோட்டை ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டியது. 2025 ஆம் ஆண்டு மராட்டியப் போர்க்கோட்டைகள் பன்னிரண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து அவற்றுள் இடம்பெற்றது இது ஒன்றே. மலையும் கருங்கல், மதிலும் கருங்கல். கருங்கல்லை அமுக்கி நொறுக்க ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீது ஆயிரம் கிலோகிராமுக்கு மேல் எடை ஏற்ற வேண்டும். அதே கல்லை இரு புறமும் பற்றி இழுத்துப் பிளக்க அதில் பத்தில் ஒரு பங்கு, பல சமயம் அதற்கும் குறைவான விசையே போதும். வேங்கடரமணர் கோயில் மண்டபத்தில் தூண்கள் ஏன் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன என்று எண்ணியதுண்டா? தூண் அமுக்கப்படுகிறது, அதைத் தாங்கிக்கொள்ளும். தூண்களின் மேல் கிடக்கும் கல் உத்திரமோ சுமையால் மிகச் சிறிதளவு வளைகிறது. வளையும்போது அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. உத்திரம் நீளமானால் அடியில் விரிசல் கண்டுவிடும். ஆகவேதான் குட்டையான உத்திரங்கள், நிறையத் தூண்கள். (புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சூழ்ந்து நிற்கும் தூண்கள் செஞ்சியிலிருந்து போனவையே. அடுத்த முறை அங்கே போனால் நம் ஊர்க் கல்லைத் தொட்டுப் பாருங்கள்.) கல்லுடைப்பவர்களுக்கும் இது தெரியும். அவர்கள் பாறையை வெறும் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருப்பதில்லை. வரிசையாகக் குழி வெட்டி, ஆப்புகளை இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டுவார்கள். ஆப்பு குழியின் இரு பக்கங்களையும் எதிரெதிராகத் தள்ளுகிறது. கல் இழுபட்டு வரிசையோடு பிளக்கிறது.

வளரும் பிள்ளையின் மனமும் இப்படித்தான் என்பது நான் வகுப்பறையில் கண்டது. "நன்றாகப் படி" என்ற பாரம் பெரிதுதான். ஆனால் அது மேலிருந்து ஒரே திசையில் வருகிறது, பிள்ளைகள் தாங்கிக்கொள்கிறார்கள். தந்தை பொறியியல் என்கிறார்; தாய்மாமன் போட்டித் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போ என்கிறார்; பெண்ணின் மனமோ தாவரவியலில் இருக்கிறது. விருந்துக்கு வந்த ஒவ்வொருவரும் ஓர் ஆப்பை இறக்கி மெல்லத் தட்டிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் தட்டியது பெரிதாகத் தெரியாது. வரிசையாகத் தட்டப்படுவதுதான் ஆபத்து.

பாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. விண்வெளி நிலையத்தில் மாதக்கணக்கில் எடையற்ற நிலையில் தங்குவோருக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதந்தோறும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வீதம் குறைகிறது. சுமை இல்லாத எலும்பு நலிகிறது. உடலியல் துறையில் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல்லைப் பரப்பிய ஹான்ஸ் செலியே என்ற அறிஞரும் இதையே வேறு விதமாகச் சொன்னார். 1936 ஆம் ஆண்டு கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவர், குளிர், காயம், நஞ்சு என எத்தகைய தாக்குதலுக்கு உள்ளாக்கினாலும் எலிகளின் உடலில் ஒரே வகையான மாறுதல்கள் தோன்றுவதைக் கண்டு வெளியிட்டார். பிற்காலத்தில் அவர், நன்மை செய்யும் தகைவு, தீமை செய்யும் தகைவு என்று இரண்டாகப் பிரித்துப் பேசினார். 'ஸ்ட்ரெஸ்' என்பது இயற்பியலாரிடமிருந்து கடன் போன சொல். நாம் தமிழில் தகைவு என்கிறோம்.

இனி, விடுமுறை என்பதே ஒரு சுமை என்று ஒருவர் சொன்னால் சிரிப்பீர்கள். 1967 ஆம் ஆண்டில் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற அமெரிக்க மருத்துவர் இருவர் வாழ்க்கை நிகழ்ச்சிகள் 43-க்கு எண் கொடுத்து ஒரு பட்டியல் வெளியிட்டனர். நிகழ்ச்சிக்குப் பின் மனிதன் தன்னை எவ்வளவு மாற்றிக்கொள்ள நேர்கிறது என்பதே அளவு. வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. மணமுறிவுக்கு 73. திருமணத்துக்கு 50. விடுமுறைக்கு 13, அவர்களது பெரிய பண்டிகையான கிறிஸ்துமஸுக்கு 12. அருஞ்செயல் ஒன்றைச் செய்து வெற்றி பெற்றாலும் 28 உண்டு. மகிழ்ச்சியும் துன்பமும் ஒரே பட்டியலில் கலந்து நிற்பதைக் கவனியுங்கள். இரண்டுமே மாற்றம் என்பதுதான் காரணம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்த செஞ்சி மாணவன் ஒருவனுக்குக் கணக்குப் போடுவோம். பள்ளி முடிவது 26, விடுதிக்கு இடம் மாறுவது 20, குடும்பத்தார் கூடும் வழக்கம் மாறுவது 15, விடுமுறை 13. கூட்டினால் 74! அமெரிக்கப் பெரியவர்களுக்காகச் செய்த அளவுகோலை நம் பிள்ளைகள் மீது அப்படியே வைப்பது சரியன்று. இருந்தாலும் "லீவுலதானே இருக்கே, உனக்கென்ன கவலை?" என்று கேட்பவரிடம் காட்ட இது உதவும்.

மாற்றம் என்றேனே, அதில்தான் இயற்பியல் நமக்கு மிகத் தெளிவான ஒரு செய்தியைத் தருகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள இரும்புக் கம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வெப்பநிலை 30 பாகை செல்சியஸ் உயர்ந்தால் கம்பி 0.36 மில்லிமீட்டர் நீளும். நீள விட்டுவிட்டால் கம்பியினுள் தோன்றும் தகைவு சுழி. ஆம், சுழியேதான். அசையாத இரண்டு சுவர்களுக்கிடையே இறுக்கி வைத்து அதே அளவு சூடாக்கினாலோ, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 730 கிலோகிராம் எடைக்குச் சமமான தகைவு எழுகிறது. இரண்டு சோதனையிலும் கம்பி ஒன்றே, சூடும் ஒன்றே. வேறுபாடு சுவரில் இருக்கிறது. சூடு தகைவை உண்டாக்குவதில்லை. விரிவதற்கு இடமின்மையே உண்டாக்குகிறது.

சென்ற விடுமுறையில் உறவினர் முன்னால் கூச்சமின்றி ஆடிப்பாடிய பெண் இந்த ஆண்டு மாட்டேன் என்கிறாள். எட்டாம் வகுப்பில் டாக்டராவேன் என்று சொன்ன பையனுக்கு இப்போது வரலாறு பிடித்திருக்கிறது. "போன லீவுல நல்லாத்தானே இருந்தான்!" என்று அத்தை வியக்கிறார். நல்லாத்தான் இருக்கிறான், அத்தை, 0.36 மில்லிமீட்டர் நீண்டிருக்கிறான். உங்களுக்குள் நடக்கும் இந்த மாற்றத்தைக் குற்றமாக எண்ணாதீர்கள். பதினைந்து வயதில் மாறாமல் இருப்பதுதான் வியப்பு. பெற்றோர் விட வேண்டிய இடைவெளியும் பெரிதன்று. தனியே இருக்க ஒரு மணி நேரம், தானே தீர்மானிக்க ஏதேனும் ஒன்று, "யோசித்துச் சொல்கிறேன்" என்று விடையளிக்கும் உரிமை. வீட்டையே இடித்துவிடச் சொல்லவில்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இடைவெளி விட முடியாது என்பதும் உண்மை. பழைய தண்டவாளங்களில் துண்டுக்குத் துண்டு இடைவெளி இருக்கும். இப்போது பெரும்பாலும் நெடுந்தொலைவுக்குப் பற்றவைத்த தண்டவாளங்களே போடப்படுகின்றன, இடைவெளி கிடையாது. அவை வளையாமல் இருப்பதற்கு ஒரு காரணம், தண்டவாளத்தைக் கட்டைகளோடு பிணைக்கும் வேலையைக் கடும் வெயிலும் கடுங்குளிரும் இல்லாத ஒரு நடுவெப்பநிலையில் செய்வதே. உங்கள் விருப்பத்தை வீட்டில் சொல்லவும் அப்படி ஒரு வேளை பாருங்கள். முடிவு வந்த நாளில், பந்தி நடக்கும்போது, பெரியப்பாவின் முன்னிலையில் சொல்லாதீர்கள். விருந்தாளிகள் ஊர் திரும்பிய பின் ஒரு மாலையில், கேட்கக்கூடிய ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். பல வீடுகளில் அவர் சித்தியாகவோ பாட்டியாகவோ இருப்பார்.

நேரத்தைப் பற்றி இன்னொன்று. ஒரு சுருள்வில்லில் எடையைக் கையால் தாங்கி மெல்ல மெல்ல இறக்கித் தொங்கவிடுங்கள், ஓரளவு நீளும். அதே எடையை மாட்டிச் சட்டென்று கையை எடுத்துவிட்டால் முதல் நீட்சி அதைப் போல் இரு மடங்காகும். திடீரென ஏறும் பாரம் இரட்டைப் பாரம். நம் ஊர் தேசிங்கு ராஜனை இந்தக் கண்ணோடு பாருங்கள். தந்தை சொரூப்சிங் 1714 ஆம் ஆண்டு இறந்ததும், இருபது வயதைச் சற்றே கடந்த அந்த இளைஞர் செஞ்சிக்கு வந்து பொறுப்பேற்றார். தந்தை காலத்துக் கப்பப் பாக்கியை ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில் போர், தேசிங்கு மாண்டார். நாம் அவருடைய குதிரையைப் பற்றியே அதிகம் பேசுகிறோம். தந்தையின் கணக்கு ஒரே ஆண்டில் மகன் தலையில் விழுந்ததைப் பற்றிப் பேசுவதில்லை.

இன்றைக்கு அந்தத் திடீர்ப் பாரம் தேர்வு முடிவு வெளியாகும் காலைப் பொழுது. முன்பெல்லாம் மாநிலத்தில் முதல் மாணவர், இரண்டாம் மாணவர் என்று பெயர்களை அறிவிப்பார்கள். மறுநாள் ஏடுகளில் படம் வரும். தமிழ்நாடு அரசு 2017 ஆம் ஆண்டு இந்த வழக்கத்தை நிறுத்தியது. நல்ல முடிவு என்பேன். அரசு நிறுத்திய தரவரிசையை நாம் மட்டும் ஏன் கூடத்துப் பாயில் உட்கார்ந்து தொடர வேண்டும்? விருந்து நாளில் மதிப்பெண் பேச்சு இல்லை என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் சொன்னால் போதும், மற்றவர்கள் கேட்கமாட்டார்கள். இதைப் பெற்றோரிடம் படித்துக் காட்டுங்கள், என் பெயரைச் சொல்லியே.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வீட்டில் தகைவு உங்களுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். விடுமுறையில் பதினைந்து பேருக்குச் சமைக்கும் தாய்க்கு எந்த மாதம் விடுமுறை? நிலக்கடலை விலையையும் கல்லூரிக் கட்டணத்தையும் மனத்துக்குள் கணக்குப் போடும் தந்தையும் அதே கூடத்தில்தான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அடுப்படிக்குப் போய் வெங்காயம் உரிக்க உட்காருங்கள். பாரம் இருவருக்குப் பகிர்ந்து போகும். கூடத்துக் கேள்விகளிலிருந்து தப்பிக்கவும் இதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியவில்லை.

மீட்சி எல்லை என்று படித்திருப்பீர்கள். அதற்குள் இருக்கும் வரை பாரம் நீங்கியதும் கம்பி பழைய நிலைக்குத் திரும்பும். விருந்தினர் போன பிறகும் நாள்கணக்கில் உறக்கம் வரவில்லை, உணவு செல்லவில்லை, விருப்பமான விளையாட்டும் கசக்கிறது, வாழ்வதே வீண் என்று தோன்றுகிறது என்றால், எல்லை நெருங்குகிறது. அப்போது தனியே தாங்க முயல வேண்டாம். வீட்டிலோ பள்ளியிலோ ஒரு பெரியவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், 2022 ஆம் ஆண்டு தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணிலும் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் நண்பன் அப்படி இருப்பதாகத் தெரிந்தால் அவனுக்காக நீங்கள் பேசலாம்.

தேர்வில் தவறியவர்களுக்கும் ஆண்டு வீணாவதில்லை. பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் ஜூன், ஜூலையிலேயே துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறி அதே ஆண்டில் கல்லூரிக்கு வந்துவிடலாம். அப்படி வந்தவர்கள் என் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் அதற்கென்று தனிக் கட்டம் கிடையாது.