நாய்க்குட்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

உழவு மாடு வாங்கப் போகும் குடியானவர் எளிதில் ஏமாறுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார், ஏரில் பூட்டி நாலு சால் ஓட்டிக் காட்டச் சொல்லுகிறார், எந்த ஊர்த் தொழுவத்தில் பிறந்தது என்றும் விசாரிக்கிறார். அவரே வீட்டிற்கு ஒரு சிறு நாய்க்குட்டி வேண்டுமென்று புறப்பட்டால், பேருந்து நிலையத்து ஓரத்தில் அட்டைப் பெட்டியில் வைத்து விற்பவனிடம் ரோமத்தின் அழகை மட்டும் பார்த்துச் சில ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். நான்காம் நாள் குட்டி வாந்தியெடுத்து, இரத்தபேதி கண்டு மடிகிறது. விற்றவனை மறுபடி அவ்விடத்தில் காண முடிவதில்லை.

பிள்ளைகள் பட்டணம் போய்விட, முதியோர் மட்டும் இருக்கும் வீடுகள் கிராமங்களில் பெருகியிருப்பதால், காவலுக்கு மட்டுமன்றித் துணைக்காகவும் சிறு நாய் வளர்க்கும் விருப்பம் பெருகியிருக்கிறது. இதில் குற்றமொன்றுமில்லை. ஆயின் எந்த இனம் என்பதில் யோசனை வேண்டும். பொமரேனியன் என்று வழங்கும் வெள்ளைச் சடைநாய் நம் நாட்டு வெயிலுக்குப் பல தலைமுறையாகப் பழகியது. ரோமத்தைச் சீவி, உண்ணி பார்த்து வந்தால் போதும். சப்பை மூக்குள்ள பக் இனம் அவ்வாறன்று. நாய் தன் உடற்சூட்டை மூச்சிரைத்தே பெரும்பாலும் தணித்துக்கொள்ள வேண்டியிருக்க, மூக்கே குறுகிப் போன பிராணி சித்திரை வெயிலில் படும் பாடு சொல்லத் தரமன்று. தமிழ்நாட்டு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில் இந்தச் சீதோஷ்ணத்திற்கு ஒவ்வாதவை என்று குறிக்கப்பட்ட இனங்களில் பக்கும் ஒன்று. கன்னி, சிப்பிப்பாறை முதலியவை உயர்ந்த சாதிகளேயெனினும் ஓடுவதற்கு நிலம் கேட்பவை. திண்ணையிலுள்ள முதியவர் மடிக்கு ஏற்றவை அல்ல. தெருவில் பிறந்த நாட்டுக் குட்டியை எடுத்து முறையாக வளர்ப்பது எவ்விதத்திலும் தாழ்வன்று. பணமும் மிச்சம்.

விலை கொடுத்து வாங்குவதென்று தீர்மானித்தவர் முதலில் கேட்க வேண்டியது குட்டியையன்று, தாயை. ஈன்ற நாய் எங்கே கட்டப்பட்டிருக்கிறது, அதன் உடல் எப்படியிருக்கிறது, அயலாரைக் கண்டால் பயந்து ஒடுங்குகிறதா அல்லது வாலை ஆட்டி வருகிறதா என்பதை அவ்வீட்டிற்கே சென்று பார்க்க வேண்டும். தாய் வேறு ஊரிலிருக்கிறது என்பவரிடமும், கைப்பேசியில் படம் அனுப்பி முன்பணம் கேட்பவரிடமும் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்வது நலம். மடி தொங்கி விலா எலும்பு தெரியும் தாய், வருஷத்திற்கு இருமுறை ஈனச் செய்யப்பட்டதற்கு அடையாளமாகலாம். நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017-ஆம் வருஷத்து மத்திய அரசு விதிகளின்படி, பன்னிரண்டு மாதத்தில் ஓர் ஈற்றுக்கு மேல் கூடாது; எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது; வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய கென்னல் கிளப்பின் வம்சாவளிப் பத்திரம் இருந்தால் நன்றே. எனினும் அது குலத்திற்குச் சாட்சியேயன்றி ஆரோக்கியத்திற்குச் சாட்சியன்று. பத்திரத்தைக் காட்டி விலையை இரட்டிப்பாக்கும் வியாபாரிகளும் உண்டு.

நல்ல வளர்ப்பாளருக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. வாங்க வருபவரை அவரே கேள்வி கேட்பார்: வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், பகலில் குட்டியைப் பார்ப்பவர் யார், முன்பு நாய் வளர்த்த பழக்கமுண்டா, வளர்க்க இயலாவிடில் திருப்பித் தர உத்தேசமா என்றெல்லாம் விசாரிப்பார். பணத்தை மட்டும் விசாரிப்பவனுக்கும் இவருக்கும் உள்ள வேற்றுமை பார்த்தவுடனே புலப்படும்.

இவ்விடத்தில் நாட்டில் வேரூன்றிய ஒரு தவறான அபிப்பிராயத்தைக் கண்டிக்காமலிருக்க முடியாது. முப்பது நாளில் கொண்டு வந்தால்தான் குட்டி எசமானரிடம் விசுவாசமாயிருக்கும் என்று அநேகர் நம்புகிறார்கள். விற்பவருக்கும் தீனிச் செலவு மிச்சமாவதால் அவரும் அதையே ஓதுகிறார். உண்மை இதற்கு நேர்மாறானது. நான்காம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை குட்டி தாயோடும் உடன்பிறப்புகளோடும் விளையாடி, எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்ளுகிறது. அப்பாடத்தை இழந்த குட்டிதான் பின்னர் குழந்தைகளின் கையைப் பதம் பார்க்கிறது. மனிதரிடம் பழகும் பருவமோ பன்னிரண்டாம் வாரம் வரை நீடிப்பதால், எட்டாம் வாரத்தில் வரும் குட்டி விசுவாசத்தில் குறைவதில்லை. அன்றியும், சிறு சாதிக் குட்டிகள் பசி தாங்கா. பாலை விட்டு அகாலத்தில் பிரிந்தவை இரத்தத்தில் சர்க்கரை குறைந்து துவண்டு விழுவதுண்டு.

வயதைப் பற்றி விற்பவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. மாட்டுக்குப் போலவே குட்டிக்கும் பல் இருக்கிறது. மூன்றாம் வாரத்திற்கு மேல் முளைக்கத் தொடங்கும் பாற்பற்கள் எட்டாம் வாரத்திற்குள் பெரும்பாலும் 28-உம் நிரம்பிவிடும். இரண்டு மாதம் என்று சொல்லப்படும் குட்டிக்குக் கடைவாயில் பல்லில்லையெனில் மேலும் விசாரிப்பது அவசியம்.

தடுப்பூசியைப் பற்றியும் ஓர் ஐயத்தைத் தீர்க்க வேண்டும். ஒருமுறை போட்ட ஊசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள், வைத்தியர் காசுக்காகவா என்று கேட்பவருண்டு. கன்றுக்குச் சீம்பால் தரும் பாதுகாப்புப் போலவே குட்டிக்கும் தாய்ப்பாலில் நோய் தடுக்கும் சக்தி கிடைக்கிறது. அச்சக்தி இருக்கும்வரை ஊசி மருந்தையும் அதுவே முறியடித்துவிடும். அது எந்த வாரத்தில் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால், ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கிப் பதினாறாம் வாரம் வரை மூன்று, நான்கு வாரத்திற்கொருமுறை ஊசி போடப்படுகிறது. பார்வோ என்னும் கொடிய கழிச்சல் நோயின் கிருமி மண்ணில் பல மாதம் உயிரோடிருக்கும். ஆகையால், முன்பு ஒரு குட்டி அந்நோயால் இறந்த முற்றத்தில் ஊசி முடியாத புதுக்குட்டியை விடலாகாது.

வீட்டிற்குக் கொண்டுவருவது காலை வேளையாயிருக்கட்டும். இருட்டுமுன் இடம் பழகிவிடும். வெடிச்சத்தம் நிறைந்த தீபாவளி நாளும், உறவினர் கூடும் விசேஷ நாளும் தகா. தாய் படுத்த துணியில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்து படுக்கையிலிட்டால், முதலிரவின் அழுகை பாதி குறையும். முதல் வாரம் அங்கே தின்ற தீனியையே நாளைக்கு நான்கு வேளை கொடுக்க வேண்டும். வந்த அன்றே பசும்பாலை வட்டில் நிறைய ஊற்றுவது அன்பு போலத் தோன்றினாலும் பேதியையே கொடுக்கும். வெங்காயம் சேர்ந்த குழம்புச் சோறு நாய்க்கு ஆகாது. குடற்புழு தாயின் கருவிலிருந்தே குட்டிக்கு வருவதாதலால், புழு மருந்து கொடுத்த தேதியை விற்றவரிடம் கேட்டு, இரண்டு நாளுக்குள் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். குடியானவர் வீட்டில் வேறு சில அபாயங்களும் உண்டு: எலிப்பாஷாணம், பூச்சிமருந்துப் புட்டி, கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, உதைக்கும் பசு.

எல்லாவற்றினும் பெரிது வெறிநோய். சிறு குட்டிக்கு வெறி வராது, அதன் கடி விளையாட்டுக் கடி என்று எண்ணுவது உயிருக்கு உலை வைக்கும். வெறிநாய் கடித்த குட்டிக்கும் அந்நோய் வரும்; அறிகுறி தோன்றியபின் மனிதரைக் காப்பாற்ற வழியில்லையென்றே சொல்ல வேண்டும். வரலாறு தெரியாத குட்டி கடித்தாலும் நகத்தால் கீறினாலும், சுண்ணாம்பு, மிளகாய் முதலியவற்றை அப்பாமல், ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் வெறிநோய் ஊசி போட்டு, பின்னர் மருத்துவர் குறித்துத் தரும் தேதிகளில் தவறாமல் தொடர வேண்டும். கிராம நிர்வாக அதிகாரியும் ஊராட்சித் தலைவரும் முதலில் தம் வீட்டு நாயின் ஊசி அட்டையைச் சரிபார்த்துக்கொண்டு, பிறகு ஊரில் குட்டி விற்போர் யார், அவர்கள் பதிவு பெற்றவர்களா என்று விசாரித்தறிந்தால், தடுப்பூசி முகாமுக்கு நாள் குறிக்கும்போது எத்தனை வீடுகளுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பதும் கணக்காகத் தெரிந்துவிடும்.