அவளே தேர்ந்தெடுக்கட்டும்!

தஞ்சைத் தரணியில் நாற்று நடும் பெண் எப்படிப்பட்ட துணைவனை விரும்புகிறாள்? நகையும் நிலமும் உள்ளவனை என்பார்கள் சிலர். நடவு வயலிலும் ஆலை வாசலிலும் கேட்டுப் பாருங்கள். கூலியைக் குடித்து அழிக்காதவன், கை நீட்டாதவன், அவள் சம்பாத்தியத்தில் அவளுக்கும் உரிமை உண்டென்று ஒப்புக்கொள்பவன். இதில் பேராசை என்ன இருக்கிறது?

ஆனால் தேர்ந்தெடுக்க அவளை விட்டால்தானே! பண்ணையாள் முறை இருந்த நாளில், மிராசுதாரிடம் வாங்கிய கல்யாணக் கடனே புதுக் குடும்பத்துக்கு விலங்காயிற்று. விவசாயத் தொழிலாளர் போராடினர். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஜாதி விலங்கோ இன்னும் அறவில்லை. 2024 ஜனவரியில் பட்டுக்கோட்டை அருகே, தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞனை விரும்பி மணந்த பெண் கொல்லப்பட்டாள். பெற்றோரே கைதாயினர்.

சட்டம் அவள் பக்கம் இருக்கிறது. புரோகிதர் இல்லாமல், உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலும் திருமணம் செல்லும் என்று 1967-ல் தமிழகச் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தைத் திருத்தியது. வயது வந்த இருவர் மணக்கக் குடும்பத்தின் சம்மதமோ ஜாதியின் சம்மதமோ தேவையில்லை என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏட்டிலுள்ள இந்த உரிமையை ஊரில் நிலைநாட்டுவது யார்?

நாம்தான், தோழர்களே! கூலி உயர்வுக்கு ஒன்றாய்க் கொடி பிடித்துவிட்டு, மகள் கல்யாணம் என்றதும் ஜாதிவாரியாகப் பிரிவது தொழிலாளிக்கு அழகல்ல. மிரட்டப்படும் ஜோடிக்குச் சங்கக் கட்டிடம் அடைக்கலம் தரட்டும். காவல் நிலையம்வரை தோழர்கள் துணை செல்லட்டும். முதல் வேலையாக, நம் வீட்டு மகளிடம் அவள் விருப்பத்தைக் கேட்போம்.