குதிரைக்குச் சமாதி, தோழனுக்குச் சமாதி

ஆம்பூரில் ஷூ, வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் பதனிட்ட தோல், மேல்விஷாரம் தாண்டினால் இராணிப்பேட்டை டேனரிகள் என்று பாலாற்றை ஒட்டியே தோல் தொழில் நீண்டு கிடக்கிறது. குரோமில் ஊறி வெளிர்நீலமான தோல்களை அடுக்கிக்கொண்டு வண்டிகள் போவதும் வருவதும் இந்தப் பக்கத்து மக்களுக்குப் பழகிப்போன காட்சி. 2019 நவம்பர் 28 அன்று இராணிப்பேட்டை வேலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமும் ஆகிவிட்டது. மாவட்டத்தின் பெயரிலேயே உட்கார்ந்திருக்கும் அந்த ராணி யார் என்று கேட்டால், பெரியவர்கள் ஆரணி, சேத்துப்பட்டு தாண்டிச் செஞ்சிப் பக்கம் கை காட்டுவார்கள். செஞ்சி என்றதும் தேசிங்கு. தேசிங்கு என்றதும் குதிரை.

ஆண்டது பத்தே மாதம். செத்தபோது வயது இருபத்திரண்டு. கட்டிய கோட்டை, வெட்டிய ஏரி என்று சொல்ல அவன் கணக்கில் எதுவும் இல்லை. ஆனாலும் முந்நூறு ஆண்டுகளாகக் கதைப்பாடலாகவும் தெருக்கூத்தாகவும் வந்து, 1960இல் எம்.ஜி.ஆர். நடித்த சினிமாவாகவும் ஆகிவிட்டான். அவனை எதிர்த்த ஆற்காட்டு நவாபுகளின் பெயரைப் பாடப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது. தேசிங்கை யாரும் தேட வேண்டியதில்லை.

வரலாறு சொல்வது சுருக்கமானது. மராத்தியரிடமிருந்து செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படை எட்டு ஆண்டு போல முற்றுகையிட்டது. 1698இல் கோட்டை விழுந்தது. பிறகு அவுரங்கசீப் அதைப் புந்தேல ராஜபுத்திரரான சரூப் சிங்கின் பொறுப்பில் விட்டார். 1714 தொடக்கத்தில் சரூப் சிங் இறந்தார். புந்தேல்கண்டிலிருந்த மகன் தேஜ் சிங் இளம் மனைவியோடு வந்து கோட்டையை ஏற்றுக்கொண்டான். தேஜ் சிங் என்ற பெயர்தான் தமிழ் வாயில் தேசிங்கு ஆயிற்று. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான், தகப்பன் காலத்துக் கப்பப் பாக்கியைக் கேட்டார். பாதுஷாவே கொடுத்த கோட்டைக்கு உனக்கென்ன கப்பம் என்று தேசிங்கு மறுத்தான். பேசிப் பார்க்க வந்த நவாபின் அதிகாரி தோடர்மல் வெறுங்கையோடு திரும்பினார். அக்டோபர் 3 அன்று கதை முடிந்துவிட்டது.

கதைப்பாடல் வேறு இடத்தில் தொடங்குகிறது: டில்லியில், ஒரு குதிரையிடம். பாதுஷாவின் லாயத்தில் பாராசாரி என்றொரு முரட்டுக் குதிரை. ஏறியவனையெல்லாம் கீழே தள்ளியது. அதை அடக்க முடியாமல் தேசிங்கின் தகப்பனும் சிறையில் கிடந்தார். பையனாக இருந்த தேசிங்கு போய் ஏறினான், அடக்கினான், தகப்பனை மீட்டான், குதிரையையும் பரிசாக வாங்கிக்கொண்டு வந்தான். இதற்கு ஆவணம் கேட்டால் கிடையாது. குதிரை என்றால் அவனுக்கு உயிர் என்று ஜனங்கள் நம்பியதற்கு இந்தப் பாட்டே சாட்சி. அந்தக் காலத்தில் நல்ல சாதிக் குதிரை கப்பலேறி வர வேண்டும். விலை யானை விலை, தீனியும் பராமரிப்பும் அதற்கு மேல். சிற்றரசன் ஒருவன் தானே குதிரை பழக்கி, தானே ஓட்டி, அதன் மேலேயே போருக்கும் போனான் என்பது ஜனங்களுக்கு அதிசயமாகப் பட்டதில் வியப்பில்லை.

பலரும் தேசிங்கின் குதிரை நீலவேணி என்பார்கள். பாட்டின்படி நீலவேணி அவன் தோழனுடைய குதிரை. தோழன் பெயர் மகபத்கான். பாட்டுக்காரர்கள் வாயில் மோவுத்துக்காரன். இருவரும் ஒன்றாகக் குதிரையேறித் திரிந்தவர்கள், ஒருவன் இந்து, ஒருவன் முஸ்லிம். நவாபின் படை வருகிறது என்ற செய்தி போனபோது மகபத்கான் வழுதாவூரில் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தான். பந்தலை அப்படியே விட்டுவிட்டு நீலவேணி மேல் ஏறிச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தான்.

தேசிங்கும் புறப்படுமுன் மனைவியிடம் விடைபெற்றான். நடுவில் ஒரு திரை. அந்தப் பக்கமிருந்து அவள் வெற்றிலை கொடுத்தாள். சிங்கவரம் ரங்கநாதர் போக வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அந்த ஊரில் இன்றும் சொல்கிறார்கள். அவன் கேட்கவில்லை.

ஐப்பசி மழைக்கு முன்னமே வராக நதி பெருக்கெடுத்திருந்தது. கூட வந்தவர்கள் கரையில் தயங்கினார்கள். தேசிங்கு குதிரையைத் தண்ணீரில் இறக்கினான். சில நூறு பேரை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் நின்ற படையோடு மோதினான். நவாபின் தளபதி தவுலத்கான் அவன் கையால் விழுந்தான். ஆளை வீழ்த்த முடியாதவர்கள் பிறகு குதிரையின் பின்னங்கால் நரம்பை வெட்டினார்கள். குதிரை சாய்ந்தது. தேசிங்கு தரையில் நின்று சண்டை போட்டுச் செத்தான். மகபத்கானும் அதே களத்தில் செத்தான்.

இந்தச் சண்டையை மதச் சண்டையாகச் சொல்லிப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது ஒட்டாது. நவாபுக்காகக் கப்பம் கேட்டு வந்த தோடர்மல் ஓர் இந்து. படையெடுப்புக்குப் பயந்து உடையார்பாளையத்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளை 1710இல் திரும்பக் கொண்டுவர உதவியவர் அவரே. மறுபக்கம், தேசிங்கோடு சாக வந்தவன் ஒரு முஸ்லிம். கப்பம், கௌரவம், இளரத்தம், இவை மூன்றும்தான் சண்டைக்குக் காரணம்.

நவாப் தேசிங்கின் உடலுக்கு மரியாதை செய்தார். சிதையில் மனைவியும் விழுந்து எரிந்தாள். செட்டிகுளக்கரையில் அந்த இடத்தைச் செஞ்சியில் காட்டுகிறார்கள். அவள் நினைவாகத் தம் தலைநகரான ஆற்காட்டுக்கு எதிர்க்கரையில், பாலாற்றின் வடபுறத்தில், நவாப் இராணிப்பேட்டை என்ற ஊரை உண்டாக்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஜெயித்தவன் தோற்றவன் மனைவிக்கு ஊர் எழுப்பியதைப் பெருந்தன்மை என்று எல்லாரும் எழுதியாகிவிட்டது. கணவன் முகத்தைத் திரைக்கு அப்பாலிருந்து பார்த்த ஒரு சிறு பெண் நெருப்பில் போனதைப் பெருமையாகப் பேச இன்று யாருக்கும் மனம் வராது. அவளுக்கு மிஞ்சியது ஊர்ப் பெயர் ஒன்றுதான். அதிலும் அவள் சொந்தப் பெயர் இல்லை.

அந்த ஊரைவிட்டுக் குதிரை அதன் பிறகும் போகவில்லை. கும்பினிக்காரர்கள் ஆற்காட்டுக் குதிரைப்படையை இந்தப் பக்கத்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தபோது, சேதி கிடைத்த ஆங்கில அதிகாரி கில்லஸ்பி ஆற்காட்டிலிருந்து குதிரைவீரர்களோடு பாய்ந்து போய்க் கிளர்ச்சியை ரத்தத்தில் அடக்கினார். வேலூர்ப் புரட்சி ஒரே நாளில் முடிந்ததற்கு அந்தக் குதிரைகளின் ஓட்டமும் ஒரு காரணம். இன்று இராணிப்பேட்டையில் மிருகங்களைப் பற்றிப் பேசினால் 1932இல் தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் ஞாபகத்துக்கு வரும். இல்லாவிட்டால் டேனரி. சேணமும் கடிவாளமும் கான்பூர்க்காரர்கள் தொழில், இங்கே ஷூவும் ஜாக்கெட்டும்தான்.

குதிரை போனாலும் பந்தய வெறி போகவில்லை. தை பிறந்தால் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை கிராமங்களில் காளை விடும் விழா. இரண்டு பக்கமும் கட்டை கட்டிய தெருவில் காளை ஓடும். எல்லையைத் தொட எடுத்த நேரம் குறையக் குறையப் பரிசு பெரிது. நொடியின் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை வரும். காளைக்குப் பெயர் உண்டு, ரசிகர் உண்டு, ஃபிளெக்ஸ் உண்டு. தன் பிள்ளைக்கு வாங்காத பேரீச்சம்பழத்தைக் காளைக்கு வாங்கிப் போடுகிறவர் உண்டு. பேர் வாங்கிய காளை செத்தால் மாலை போட்டு, மேளம் அடித்து, நிலத்திலேயே அடக்கம் செய்து, ஆண்டுதோறும் படையல் வைக்கிறார்கள். தேசிங்கு குதிரையிடம் வைத்த பாசத்தை இவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

செஞ்சி அருகே நீலாம்பூண்டியில் மகபத்கானுக்குச் சமாதி இருக்கிறது. பக்கத்தில் குதிரைக்கும் சமாதி. ராஜாவுக்குச் சிதை மேடை ஓரிடத்தில், அவன் தோழனுக்கும் குதிரைக்கும் மண் வேறிடத்தில். இராணிப்பேட்டையிலும் பாலாற்றங்கரையில் ராஜா ராணி நினைவிடம் என்று மக்கள் சொல்லும் இரண்டு பழைய கட்டடங்கள் நிற்கின்றன.

2025 ஜூலையில் யுனெஸ்கோ பன்னிரண்டு மராத்தியக் கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. இனி வெளிநாட்டுக் கூட்டமும் வரும், சாலையும் பலகையும் வரும். அந்தப் பலகைகளில் ஒன்று நீலாம்பூண்டிக்கும் வழிகாட்ட வேண்டும். இராணிப்பேட்டை மாவட்ட நிர்வாகமும் ஆற்றங்கரை நினைவிடத்தருகே ஒரு கல் நட்டு, தேசிங்கோடும் ராணியோடும் மகபத்கான் பெயரையும் அதில் வெட்ட வேண்டும். ஊரில் டேனரி வைத்திருப்பவர்கள் மனம் வைத்தால் அந்தக் கல்லுக்கு அரசுப் பணம்கூடத் தேவைப்படாது.