நாய்க்குப் பச்சை ஈரல் போடாதீர்கள்
சந்தைப்பேட்டை, கண்மாய்க்கரைத் தெருக்களில் குடியிருக்கும் அனைவருக்கும்,

கண்மாய்க்கரைத் தெருப் பிள்ளை ஒருத்திக்கு நேர்ந்தது உங்களுக்குத் தெரியும். இருமல், சளி என்று மாதக்கணக்கில் மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் நுரையீரலில் நீர்க்கட்டி. அறுவை செய்துதான் எடுக்க முடிந்தது. பிள்ளை பிழைத்துக்கொண்டாள். ஆனால் "அந்த வீட்டில் கறி அதிகம் தின்பார்கள், அதனால்தான்" என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். கறி தின்று இந்தக் கட்டி வராது. நாய் வழியாகத்தான் வரும். நாய்க்கு அதைக் கொடுப்பது நாம்.

கட்டி விழுந்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் கறிக்கடைக்காரர் வியாபாரத்துக்கு ஆகாதென்று வெளியே வீசுகிறார். காத்திருக்கும் நாய் பச்சையாகத் தின்கிறது. கட்டிக்குள் இருக்கும் புழுக்கருக்கள் நாயின் சிறுகுடலில் நாடாப்புழுவாக வளர்கின்றன. எக்கினோகாக்கஸ் என்று அதற்குப் பெயர். நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இராது. ஆனால் ஒரே நாயின் குடலில் ஆயிரக்கணக்கில் இருக்கலாம். ஆறேழு வாரத்தில் மலத்தோடு முட்டைகள் வெளியேறத் தொடங்கும். நாய்க்கு ஒரு நோவும் இராது, வாலாட்டிக்கொண்டு நன்றாகவே திரியும். முட்டை அதன் ரோமத்தில் ஒட்டும், மண்ணில் கலக்கும், கீரையில் படியும். நாயைத் தடவிய கையோடு பிள்ளை முறுக்கு தின்றால் போதும், முட்டை உள்ளே போய்விடும். ஈரலிலோ நுரையீரலிலோ தங்கி, ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் கட்டி வளரும். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து.

எங்கோ எவருக்கோ வரும் நோய் என்று நினைக்க வேண்டாம். எந்த நேரத்தில் கணக்கெடுத்தாலும் உலகில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த வகை நாடாப்புழு நோயோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சைச் செலவும் கால்நடை இழப்புமாக ஆண்டுக்கு 300 கோடி டாலர். இந்தியாவில் இந்தக் கட்டி அதிகம் தென்படும் மாநிலங்களாக ஆந்திரத்தையும் தமிழகத்தையும் மருத்துவர்கள் குறிப்பிடுகிறார்கள். பள்ளியில் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பிள்ளைகளுக்கு அல்பெண்டசோல் கொடுக்கிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். அந்த ஒரு மாத்திரையால் இந்தக் கட்டி கரையாது.

இந்த நிலையில்தான் வாரச்சந்தை ஓரம் புதிய கறிக்கடைகளுக்கு உரிமம் தரும் தீர்மானம் அடுத்த நகராட்சிக் கூட்டத்துக்கு வருகிறது. பூட்டிக் கிடக்கும் ஆடுவதைக் கூடத்தைப் பற்றி அஜெண்டாவில் ஒரு வரி இல்லை. நகராட்சி எல்லைக்குள் அனுமதி பெற்ற கூடத்துக்கு வெளியே ஆடு அறுக்கக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் சொல்கின்றன. அறுப்பதற்கு முன் கால்நடை மருத்துவர் ஒவ்வோர் ஆட்டையும் பார்க்க வேண்டும். ஒரு மருத்துவர் மணிக்கு 12, நாளைக்கு 96 உருப்படிக்கு மேல் பார்க்கக் கூடாது என்று எண்ணிக்கைகூடப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை விடியலில் சாக்கடை ஓரம் எத்தனை ஆடு அறுபடுகிறது? பார்க்க மருத்துவரும் இல்லை, எண்ண ஆளும் இல்லை. கழிவு முழுக்கக் கண்மாய்க்குள்.

நாய்களைப் பிடித்துக் கொல்லுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. அப்படிப் பேசுகிறவர்கள் எங்களோடு சேர வேண்டாம். தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, குடற்புழுவும் நீக்கி விட வேண்டும் என்று 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஊசியைப் பற்றிப் பேசும் அதிகாரிகள் புழு என்ற சொல்லையே எடுப்பதில்லை.

நாடாப்புழு மட்டுமா? நாயின் பெண் உருளைப்புழு ஒன்று நாளொன்றுக்கு லட்சம் முட்டை வரை இடும். குட்டிகள் தாய் வயிற்றிலிருக்கும்போதே அதை வாங்கிக்கொள்கின்றன. அதன் புழுக்கரு பிள்ளையின் கண்ணுக்குள் போனால் பார்வையே பறிபோகலாம். கொக்கிப்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழையும். பிள்ளைகள் விளையாடும் பூங்கா மணலில் நாய்கள் மலம் கழிப்பதை நாம் தினமும் பார்த்துக்கொண்டு போகிறோம்.

இந்த நாடாப்புழு ஒழிக்க முடியாததும் அல்ல. ஆடுகள் நிறைந்த நியூசிலாந்தில் நாய்க்குப் பச்சைக் கழிவு போடுவதைத் தடுத்தார்கள், நாய்களுக்குத் தொடர்ந்து மருந்து கொடுத்தார்கள். 2002-இல் இந்த நாடாப்புழு நாட்டில் இல்லை என்று அறிவிக்க முடிந்தது. ஐஸ்லாந்து இன்றைய மருந்துகள் இல்லாத 19-ஆம் நூற்றாண்டிலேயே வேலையைத் தொடங்கி ஒழித்துக் காட்டியது.

நம்மையும் சொல்ல வேண்டும். கறிக்கடையில் "நாய்க்குக் கொஞ்சம் ஜவ்வு போடுங்கண்ணே" என்று கேட்டு வாங்கிப் போவது யார்? கழிவு போட்டே ஆக வேண்டுமென்றால் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைத்துப் போடுங்கள். வீட்டு நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது பூச்சி மருந்து கொடுங்கள். கடையில் தரும் எல்லா மருந்தும் இந்தப் புழுவைக் கொல்லாது. பிராசிகுவான்டல் இருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நாயைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கூட்டத்துக்கு முன் வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வருகிறோம், தட்டாமல் போடுங்கள். கவுன்சிலர்களுக்கும் சொல்லிவிடுகிறோம்: முதலில் ஆடுவதைக் கூடத்தைத் திறந்து மருத்துவரை அமர்த்துங்கள், கழிவுக்கு மூடிய ஆழக்குழி வெட்டுங்கள், பிறகு உரிமம் கொடுங்கள். அதைச் செய்யாமல் கை தூக்கினால், தூக்கியவர் பெயரை வார்டு வாரியாக எழுதி ஒவ்வொரு தெருமுனையிலும் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
குடியிருப்போர் நலச் சங்கத்தார்