பெரிய தொலைநோக்கி வீட்டுக்கு அல்ல, ஊருக்கு

போன வாரம் ஓசூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். இந்த ஆண்டுதான் பணி ஓய்வு பெற்றவராம். "சார், நீங்க பன்னிரண்டு இஞ்ச் கண்ணாடியைக் கையாலேயே தேய்ச்சு டெலஸ்கோப் பண்ணினவர்னு சொன்னாங்க. எனக்குப் பதினாறு இஞ்ச்ல ஒண்ணு பண்ணி மொட்டை மாடியில வெக்கணும்னு ஆசை. என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

உடனே பதில் சொல்ல முடியவில்லை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்கள் பலருக்கு இப்படி ஓர் ஆசை இருக்கக்கூடும் என்பதால், அவருக்குச் சொல்ல நினைத்ததை இங்கேயே எழுதுகிறேன். சுருக்கமாகச் சொன்னால்: கட்டாயம் செய்யுங்கள். ஆனால் மொட்டை மாடிக்காகச் செய்யாதீர்கள். தனியாகவும் செய்யாதீர்கள். இரண்டையும் செய்து பட்டவன் என்பதால் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற மறு ஆண்டு 2009. கலீலியோ தொலைநோக்கியை வானத்தின் பக்கம் திருப்பி நானூறு ஆண்டு ஆனதென்று உலகமே அதை வானியல் ஆண்டாகக் கொண்டாடியது. கையில் நேரம் இருந்தது, உடம்பில் தெம்பும் இருந்தது. முதன்முதலாகச் செய்கிறவர்கள் ஆறு அல்லது எட்டு அங்குலத்தில் தொடங்க வேண்டும் என்பார்கள். நான் கேட்கவில்லை. பன்னிரண்டு அங்குல வட்டக் கண்ணாடி இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் ஐந்தரை கிலோவுக்கு மேல்.

வேலை என்னவோ எளிதுதான். தண்ணீர் நிரப்பிய இரும்பு டிரம்மின் மேல் ஒரு கண்ணாடியை அசையாமல் பொருத்தி, கார்போரண்டம் பொடியும் நீரும் தூவி, மற்றொன்றை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் தள்ள வேண்டும். சில தள்ளலுக்கு ஒருமுறை மேல் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி, நாமும் டிரம்மைச் சுற்றி ஓரடி நகர வேண்டும். இப்படியே ஆயிரக்கணக்கான முறை. மேலே இருப்பது தானாகக் குழியும், கீழே இருப்பது தானாகக் குவியும். அம்மியும் குழவியும் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்வது போலத்தான். 80 எண் பொடியில் தொடங்கி 120, 220, 400, 600 என்று நைசாகிக்கொண்டே போக வேண்டும். என் கண்ணாடிக்கு அறுபது அங்குலக் குவியத் தூரம். அதற்கு நடுவில் வேண்டிய பள்ளம் நாலு மில்லிமீட்டர்கூட இல்லை.

பின்கட்டில் நான் டிரம்மைச் சுற்றி வருவதைப் பார்த்து என் மனைவி சொன்னாள்: "மாவாட்டக் கையால முடியலேன்னு கிரைண்டர் வாங்கி இருபது வருஷம் ஆச்சு. நீங்க இப்பப் போய்க் கண்ணாடியை ஆட்டிக்கிட்டு இருக்கீங்களே!"

அடுத்தது மெருகேற்றும் வேலை. பிட்ச் என்னும் கீலை உருக்கி ஊற்றி ஒரு மெத்தை செய்து, சீரியம் ஆக்சைடைக் குழைத்துத் தடவித் தேய்க்க வேண்டும். எங்கள் திருப்பத்தூர் வெயிலுக்கு அந்தக் கீல் இளகிவிடும். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஆறரைக்குள் முடித்துவிடுவேன். அப்படி மெருகேறிவந்தபோதுதான் ஒரு நாள் நடுவில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது. காரணம் வேறு யாருமில்லை. பழைய பொடி பட்ட துண்டையே துவைக்காமல் தோளில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு துகள் விழுந்திருக்கிறது. மூன்று வார வேலை போயிற்று. மறுபடி பொடி போட்டுத் தேய்க்கத் தொடங்கினேன். அந்த வயதிலும் அவசரத்துக்கு அடி வாங்கித்தான் பாடம் படிக்க வேண்டியிருந்தது.

கடைசிக் கட்டம்தான் அதிசயம். கோளத்தின் துண்டாக இருக்கும் குழியைப் பரவளையமாக மாற்ற வேண்டும். என் கண்ணாடியில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மைக்ரானுக்குச் சற்று மேல், அவ்வளவே. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் பிழை, முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குள் இருக்க வேண்டும். இதை வீட்டில் எப்படி அளப்பது? லியோன் ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர் 1858-இல் வழி சொல்லிவிட்டார். பத்தடி தள்ளி ஒரு சின்னத் துளை வழியே விளக்கொளி, அது கண்ணாடியில் பட்டுத் திரும்பும் இடத்தில் ஒரு சவர பிளேடு, அவ்வளவுதான். பிளேடு ஒளியை வெட்டும்போது கண்ணாடியின் மேடு பள்ளமெல்லாம் நிழலாகத் தெரியும். கண்ணாடிமேல் கட்டைவிரலை ஒரு நிமிடம் வைத்தெடுத்துப் பாருங்கள். விரல் சூட்டில் கண்ணாடி வீங்கிய இடம் ஒரு மேடாகத் தெரியும், பிறகு மெல்ல அடங்கும். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அலுமினியப் பூச்சுக்கு வெளியூர் அனுப்பி வாங்கி, ஒட்டுப்பலகைப் பெட்டியில் பொருத்தி, 2010 பொங்கல் கழிந்து மாடியில் வைத்தேன். ஓரியன் நெபுலா, அதாவது நம் திருவாதிரை, மிருகசீரிட மீன்கள் இருக்கும் கூட்டத்தில் ஒளிரும் அந்தப் புகைப்படலம், இறக்கை விரித்ததுபோல் தெரிந்தது. அங்கிருந்து ஒளி வர ஏறக்குறைய 1300 ஆண்டு. இராசசிம்ம பல்லவன் காஞ்சியில் கைலாசநாதர் கோயில் எடுத்த காலத்தில் புறப்பட்ட ஒளி, நான் பின்கட்டில் தேய்த்த கண்ணாடியில் வந்து விழுந்தது.

இதுவரை பெருமை. இனி என் கட்சிக்கு வருகிறேன்.

பார்த்த இரவுகளையெல்லாம் ஒரு நோட்டில் குறித்து வந்தேன். முதல் ஆண்டு 94 இரவுகள். 2021-இல் 5. வானம் மாறவில்லை, என் முழங்கால்தான் மாறியது. பெட்டியும் அடிப்பீடமும் சேர்ந்து நாற்பது கிலோவைத் தாண்டும். மழைக்கும் வெயிலுக்கும் மாடியிலேயே விட முடியாது. கீழே இருந்து பத்தொன்பது படி ஏற்ற இரண்டு ஆள் வேண்டும். மகன் வெளியூரில். பக்கத்து வீட்டுப் பையனை எத்தனை நாள் கூப்பிடுவது? பழைய போர்வை போர்த்தி மாடிப்படிக்கு அடியில் நின்றது என் தொலைநோக்கி.

இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல. வில்லியம் ஹெர்ஷல் இங்கிலாந்தில் பாத் நகரத்தில் இசை ஆசிரியர். வீட்டிலேயே உலோகக் கண்ணாடி வார்த்து மெருகேற்றியவர். கையை எடுக்காமல் மணிக்கணக்கில் தேய்க்கும்போது தங்கை கரோலின்தான் அவருக்குச் சோறு ஊட்டிவிடுவாராம். 1781 மார்ச்சில் தம் வீட்டுத் தோட்டத்தில் யுரேனஸைக் கண்டுபிடித்தது ஆறங்குலத்துக்குச் சற்றே அதிகமான கண்ணாடியில். பிறகு அரசர் பணம் கொடுக்க, 1789-இல் நாலடி அகலக் கண்ணாடியும் நாற்பதடி நீளமும் உள்ள ராட்சதக் கருவியைக் கட்டி முடித்தார். ஆனால் அதைக் கையாள்வது பெரும்பாடு. அவர் அதிகம் பயன்படுத்தியது பழைய இருபதடிக் கருவியைத்தான். ஹெர்ஷலுக்கே அப்படி என்றால் நாம் எம்மாத்திரம்?

ஆகவே ஓசூர் நண்பருக்கு முதல் சொல்: உங்களுக்காக என்றால் எட்டு அங்குலம் போதும். ஒரு கையில் பெட்டி, மறு கையில் பீடம் என்று எழுபது வயதிலும் இரண்டு நடையில் வெளியே கொண்டுவர வேண்டும். பதினாறு அங்குலத்தில் கண்ணாடி மட்டுமே பன்னிரண்டு கிலோ வரும்.

"அப்படியானால் பெரியது வேண்டாமா?" என்றால், வேண்டும். பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி வெறும் கண்ணைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கும். சித்திரை, வைகாசி மாத முன்னிரவில் தெற்கே ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து நமக்கு நன்றாக மேலே வரும். ஹெர்ஷலின் ஊரில் அது உதிக்கவே உதிக்காது. சின்னக் கருவியில் மங்கலான பஞ்சுப் பொதியாகத் தெரிவது, பெரியதில் கொட்டிவைத்த ரவையாகத் தனித்தனி மீன்களாகப் பிரியும். அதை நம் பிள்ளைகள் பார்க்க வேண்டாமா? ஆனால் அதற்கு உரிய இடம் மாடியல்ல. தரைத்தளத்தில் ஓர் அறை, சக்கரம், சரிவுப் பாதை, தூக்க நாலு இளம் கைகள். இவை இருக்கும் இடம் ஊர்ப் பள்ளிக்கூடம்.

2022-இல் என் தொலைநோக்கியை எங்கள் ஊர்ப் பள்ளி ஒன்றுக்குக் கொடுத்தேன். மூன்றாவது மாதம் அங்கிருந்து சேதி வந்தது. ஒரு மாணவன், கண்ணாடியில் தூசி படிந்திருக்கிறதே என்று, கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டானாம். போய்ப் பார்த்தேன். அலுமினியப் பூச்சு முழுதும் வட்ட வட்டமாகக் கீறல். ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு கனமுள்ள பூச்சு, கைக்குட்டையைத் தாங்குமா? அன்று இரவு சாப்பிடவில்லை. "பொதுவில் எதையும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் இதுதான் கதி" என்று நண்பர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு வாரம் போன பிறகு வேறுவிதமாகத் தோன்றியது. அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அக்கறையில் செய்தான். கண்ணாடி என்றால் துடைக்க வேண்டியது என்றுதான் அவனுக்குத் தெரியும். முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்னால் இருக்கும், இதில் முன்னால் இருக்கிறது என்று யார் அவனுக்குச் சொன்னது? துண்டிலிருந்து விழுந்த ஒரு துகளால் நான் மூன்று வாரம் இழந்தேனே, அந்த மூன்று வாரம் அவனும் என்னோடு டிரம்மைச் சுற்றியிருந்தால் கைக்குட்டையை எடுத்திருப்பானா? தவறு என்னுடையது. தனியாகச் செய்து, முடிந்த பொருளாகக் கொண்டுபோய் வைத்தேன். அது அவர்களுக்கு யாரோ கொடுத்த சாமான். அவர்கள் செய்த கருவி அல்ல.

ஜான் டாப்சன் என்ற பெரியவர் இதை என்றோ உணர்ந்திருந்தார். அமெரிக்காவில் இராமகிருஷ்ண மரபைச் சேர்ந்த வேதாந்த மடத்தில் 1944 முதல் 1967 வரை துறவியாக இருந்தவர். மடத்திலிருக்கும்போதே கப்பல் ஜன்னல் கண்ணாடியையும் அட்டைக் குழாயையும் வைத்துத் தொலைநோக்கி செய்தார். பிறகு சான் பிரான்சிஸ்கோ நடைபாதையில் நிறுத்திப் போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார், செய்யவும் சொல்லிக்கொடுத்தார். இன்று உலகமெங்கும் செய்யப்படும் மரப்பெட்டிப் பீடம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. கனமான இரும்புத் தாங்கியும் பல்சக்கரமும் வேண்டாம். சன்மைக்கா ஒட்டிய பலகை டெஃப்லான் துண்டின்மேல் வழுக்கினால் போதும். நம் ஊர்த் தச்சர் இரண்டு நாளில் செய்துவிடுவார்.

இன்னும் பக்கத்தில் பாருங்கள். நம் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர், 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடுதான் தொடங்கியது. கொடைக்கானல் ஆய்வகத்தின் பின்புறத்திலேயே செய்யப்பட்ட கருவி அது. வைணு பாப்பு அப்படித் தொடங்கிவைத்த இடத்தில்தான், உள்நாட்டிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அவர் பெயரைத் தாங்கி நின்றது. அதைக் காண அவர் இல்லை. செய்து பழகிய கைகள் இருந்தன.

"கடையில் எட்டு அங்குலமே வாங்கலாமே, எதற்கு மாதக்கணக்கில் தேய்ப்பது?" என்று கேட்பவர்கள் உண்டு. வீட்டுக்கு என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. பள்ளிக்கு என்றால் தேய்க்கத்தான் வேண்டும். வாங்கிய கருவி பழுதானால் பீரோவுக்குப் போகும். செய்த கருவி பழுதானால் செய்தவர்கள் கைக்குப் போகும்.

என் கண்ணாடி அப்படித்தான் மீண்டது. பூச்சு போனாலும் அடியில் கண்ணாடி அப்படியே இருந்தது. பழைய பூச்சைக் கரைத்து எடுத்துவிட்டு மறுபடி பூசினோம். "பூசினோம்" என்று சொல்வதற்குக் காரணம், கழற்றியது, கட்டியது, திரும்பப் பொருத்திச் சீராக்கியது எல்லாம் மாணவர்கள். துடைத்த பையன்தான் முன்னால் நின்றான். பகலில் திறந்தால் சூரிய ஒளி குவிந்து கண்ணும் போகும், பலகையும் தீப்பிடிக்கும் என்று பூட்டு போட்ட மூடி செய்ததும் அவன் யோசனை. இப்போது அவர்கள் ஆறு அங்குலத்தில் ஒன்று தாங்களே தேய்க்கிறார்கள். 220 எண் பொடி வரை வந்திருக்கிறது.

மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ஊர்க்காரர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். நானும் போகிறேன். பூக்காரம்மாவுக்குப் பின்னால் வரிசையில் நின்று, என் முறை வந்ததும் பார்க்கிறேன். "தாத்தா, கண்ணாடிப் பக்கம் கை வெக்காதீங்க" என்று ஒரு பெண் குழந்தை எச்சரிக்கிறாள். சரிம்மா என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.

ஓசூர் நண்பரே, பதினாறு அங்குலமே செய்யுங்கள். முதலில் பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரைப் போய்ப் பாருங்கள். கண்ணாடி வட்டு அதற்குப் பிறகு வாங்கலாம். என் டிரம் இன்னும் பின்கட்டில்தான் இருக்கிறது. மீந்த பொடியும் டப்பாவில் எண் எழுதி வைத்திருக்கிறேன். வண்டி கொண்டுவந்தால் எடுத்துப்போகலாம்.