எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைக்கு எப்படிப்பட்ட ஆசிரியர் தேவை?

தமிழக அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை மொழியிலும் கணக்கிலும் பின்தங்கிய மாணவர்களுக்காக, 2025-26 கல்வியாண்டில் 'திறன்' என்ற திட்டம் வந்தது. நல்லதுதான். ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தர வேண்டியிருக்கிறது என்றால், முதல் ஐந்து வருடங்கள் என்ன நடந்தது?

2022 'அசர்' ஆய்வின்படி, தமிழகத்தில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 4.8 சதவீதம் மட்டுமே. கொரோனாவுக்கு முன்பே, 2018இல், அது சுமார் 10 சதவீதம்தான். எனவே பழி முழுவதையும் ஊரடங்கின் மீது போட முடியாது.

ஆசிரியர்களுக்குத் திறமை இல்லை என்று சொல்வது எளிது. வட இந்தியாவில் 'பிரதம்' அமைப்பின் முறையை வைத்து நடந்த ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. 2019இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ ஆகியோர் இதில் பங்கேற்றவர்கள். வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை இப்போது எந்த நிலையில் வாசிக்கிறது என்று பார்த்துக் குழு பிரித்துக் கற்பிப்பதே அந்த முறை. பீகாரில் 2008 கோடை விடுமுறை முகாமில் அரசு ஆசிரியர்களே இதைச் செய்தார்கள், பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே மாநிலத்தில் பள்ளி திறந்த பிறகு, பயிற்சி மட்டும் பெற்ற ஆசிரியர்களிடம் அந்தப் பலன் கிடைக்கவில்லை. காரணம், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி. பிறகு ஹரியானாவில் இதற்கென்றே தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேற்பார்வையாளர்களும் துணை நின்றபோது, மொழியில் பலன் தெரிந்தது. ஆக, ஆசிரியரின் திறமைக்கு நேரமும் அனுமதியும் வேண்டும்.

நம் மாநிலத்தில் 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. ஆனால் இணையத்தில் விவரங்களைப் பதிவேற்றவே நேரம் போய்விடுகிறது என்று ஆசிரியர் சங்கங்கள் முறையிட்டு வருகின்றன. அந்த முறையீட்டை அலட்சியப்படுத்தக் கூடாது. ஏனெனில், வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு முதல் தேவை, அது வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்கும் ஓர் ஆள்.

'கொடி' என்ற சொல்லைப் பாருங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது, ஒலியோ ஒன்று. இங்கே சிக்கும் பிள்ளை 'கெ' என்று தொடங்கி நின்றுவிடும். நல்ல ஆசிரியர் அந்த இடத்தைக் கண்டுபிடித்து கொ, சொ, தொ, பொ என்று அதையே பழக்குவார். மற்றவர் "இன்னும் பத்து தடவை எழுது" என்பார். படத்தைப் பார்த்து மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளையும் உண்டு. நடுவில் ஒரு சொல்லில் விரலை வைத்துக் கேட்டால் தெரிந்துவிடும்.

மக்தபில் ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. காயிதாவில் அன்றைய சபக்கை ஒவ்வொரு பிள்ளையும் தனியாக ஓதிக் காட்டாமல் உஸ்தாத் அடுத்த பாடம் கொடுப்பதில்லை. (அங்கும் பிரம்பைக் காட்டி ஓத வைத்த காலம் இருந்தது, பயந்த பிள்ளை தெரிந்ததையும் மறந்துவிடும்.) ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அரபி எழுத்தைக் கூட்டி ஓதிவிடும் நம் பிள்ளைக்குப் பொருள் தெரியாது. தமிழ் வாசிப்பு அப்படி நின்றுவிடக் கூடாது. வாசித்த கதையைப் பிள்ளை தன் சொற்களில் சொல்ல வேண்டும்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு இடம் பெற்றோருக்குரியது. அடுத்த கூட்டத்துக்குப் போனால் சத்துணவு, கழிப்பறையோடு இதையும் கேளுங்கள்: என் பிள்ளை அரும்பா, மொட்டா? எத்தனை மாதமாக அங்கேயே இருக்கிறது? அது வாசிப்பதை ஆசிரியர் கடைசியாகத் தனியாகக் கேட்டது எப்போது?